ஒச்சம்மா தலையணையின் நற்பயன்கள்

ஜூன் 3, செவ்வாய்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொன்னவன். தலையணை விற்கும், ஊர் வாயைப் பிளக்கும், முகம் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் எழுதுவார்கள் என்று மூன்று மாதத்துக்கு முன்பே டீக்கடையில் வைத்துச் சொன்னேன். அன்று சிரித்தவர்களின் பெயர்கள் என்னிடம் இருக்கின்றன. நாளைக்கு எவரும் மறுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் உரக்கடைக்காரர் ஓசியில் கொடுத்த இந்த டைரியில் தேதி போட்டு எழுத ஆரம்பிக்கிறேன். ஜனவரி முதல் மே வரை பக்கங்கள் காலி. அந்த மாதங்களில் சாதனை எதுவும் இல்லை என்று அர்த்தமில்லை. எழுத நேரம் இல்லை, அவ்வளவுதான்.

நான் மொக்கராசு. எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன். ஒரே முறை படித்தவனுக்கு வருகிற அறிவைப்போல் எனக்கு இரண்டு பங்கு. போடிநாயக்கனூருக்குக் கிழக்கே மில் ஸ்டாப்பில், ரோட்டைப் பார்த்த வீடு. வீடு என் அக்கா ஒச்சம்மாவுடையது. அக்கா போய் மூன்று வருடமாகிறது. அவளுடைய ஒரே மகள் சித்ராதேவி. எங்களுக்கு எப்போதும் பாப்பா. பாப்பா கோயமுத்தூரில் இருந்த ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு அங்கிருந்தே ஆன்லைனில் இலவம்பஞ்சுத் தலையணை விற்கிறாள். பெயர் ‘ஒச்சம்மா தலையணை’. பஞ்சு எங்கள் ஊர்ப் பஞ்சு. பின்கட்டில் உட்கார்ந்து அடைத்துத் தைப்பது குருவம்மா. வாங்கினால் என்ன பயன் என்று எழுதும் பொறுப்பை இன்றுமுதல் தாய்மாமன் கையில் ஒப்படைத்திருக்கிறாள்.

மூட்டையில் ஈரம் ஏறியிருந்தது. மாடியில் காயப்போட்டோம். காற்றில் பாதி பறந்து வேப்பமரத்தில் ஒட்டிக்கொண்டது.

ஜூன் 5, வியாழன்

பாப்பா போனில் ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாள். எனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் கேட்டுக்கொண்டேன்.

“மாமா, ஒன்றரைக் கிலோ பஞ்சு, கோரா துணி, டபுள் தையல்னு எழுதாதீங்க. அது பொருளப் பத்தி. வாங்குறவங்களுக்கு அதனால என்ன கெடைக்கும்? அத எழுதுங்க.”

“டபுள் தையல்னாலே தெரியும்ல பாப்பா?”

“தெரியாது. ஒவ்வொரு வரிக்கும் பின்னாடி ‘அதனால?’ன்னு கேளுங்க. டபுள் தையல். அதனால? பிரியாது. அதனால? பஞ்சு வெளிய வராது. அதனால? புள்ளைக்கு இருமல் வராது. அதனால?”

“தாய் நிம்மதியாத் தூங்குவா.”

“அங்க நிறுத்துங்க! அதுதான் மாமா பயன். கேட்டுக்கிட்டே போனா கடைசியில உண்மை வந்து நிக்கும். அதுக்கு மேல கேக்க ஒன்னும் இருக்காது.”

நானே கண்டுபிடித்த முறை போலவே இருக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

நற்பயன்கள், முதல் பிரதி: கழுத்து வலி தீரும். சர்க்கரை இறங்கும். புருஷன் பெண்டாட்டிச் சண்டை ஓயும். பரீட்சையில் மதிப்பெண் கூடும். வெளிநாட்டு விஞ்ஞானிகள் ஒன்பது பேர் பாராட்டினார்கள்.

பாப்பா எல்லாவற்றையும் அடித்துவிட்டாள். விஞ்ஞானிகளையாவது விட்டிருக்கலாம். “பொய் வேணாம் மாமா. ஆள் வேணும். நெசமா ஒரு ஆளுக்கு நடந்தத எழுதுங்க” என்றாள்.

ஜூன் 9, திங்கள்

எழுதிவிட்டேன். ஒரே மூச்சில். கண்ணில் நீர் வந்தது, என் எழுத்துக்கு எனக்கே. அப்படியே இங்கே பதிகிறேன்:

“என் அக்கா ஒச்சம்மா உடம்பு முடியாமல் இருபது நாள் கண் மூடவில்லை. மருந்து கேட்கவில்லை. மாத்திரை கேட்கவில்லை. அன்று மதியம் இந்த இலவம்பஞ்சுத் தலையணையை மடியில் வைத்து அவள் தலையை அதில் சாய்த்தேன். ‘தம்பி, தூக்கம் வருதுடா’ என்றாள். ஜன்னலில் காற்று வந்தது. சின்னப் பிள்ளை போலத் தூங்கினாள். உங்கள் வீட்டிலும் ஒருவர் தூங்காமல் இருக்கிறாரா?”

அதற்கு மேல், தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றும், முகத்தில் சிரிப்பு இருந்தது என்றும், வானத்தில் கருடன் சுற்றியது என்றும் எழுதியிருந்தேன். படித்துவிட்டுப் பாப்பா போன் பண்ணினாள்.

“தூங்குனதோட நிறுத்திரலாம் மாமா. அதுவே போதும்.” மூக்கை உறிஞ்சினாள். “ஒங்களுக்குத் தெரியுமா? அம்மா போனப்புறம் எனக்குத் தூக்கமே இல்ல. நீங்க சொன்னீங்கள்ல, தூக்கத்துலயே போச்சு, ஒன் பேரக்கூடக் கேக்கல, அவ்வளவு நிம்மதின்னு. அத நெனச்சுத்தான் தூங்குறேன். இன்னைக்கு வரைக்கும் அந்த ஒரு வார்த்தைதான்.”

“ஒங்கம்மா தூங்குன தூக்கத்த ஊரே பாத்துச்சு பாப்பா” என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

குருவம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூக்கை மறைத்துக் கட்டிய துண்டை இறக்கிவிட்டு என்னையே பார்த்தாள்.

“மடியிலயா?”

“ஆமா.”

“அண்ணே, அன்னைக்கு நானுந்தான இங்க இருந்தேன்.”

“இருந்த. அடுப்படியில.”

“அடுப்படியில இருந்தா முன்ரூமுல பேசுறது கேக்காதாண்ணே?” என்று சொல்லிவிட்டுத் துண்டை ஏற்றிக் கட்டிக்கொண்டு பஞ்சை அடைக்க ஆரம்பித்தாள்.

குருவம்மாவுக்கு ஞாபகமறதி வந்துவிட்டது. வயது அப்படி. என்னைவிட ஏழு வயது சின்னவள்தான், ஆனாலும்.

ஜூன் 12, வியாழன்

என் எழுத்தைச் சின்னத் துணிச்சீட்டில் அச்சடித்து அனுப்பியிருக்கிறாள் பாப்பா. ஒவ்வொரு தலையணை ஓரத்திலும் ஒன்று தைக்க வேண்டும். போட்டோ எடுப்பதற்காக முன்ரூம் கட்டிலில் கிடக்கும் அக்காவின் பழைய தலையணையிலும் ஒன்றைக் குத்தி வைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் படம் பிரமாதம். போட்டோக்காரனுக்கெல்லாம் வராத கோணம்.

எலி ஒரு மூட்டையைக் கடித்திருக்கிறது. பொறி வாங்க வேண்டும்.

ஜூன் 14, சனி

விற்பனை தாறுமாறு. கூரியர்காரர் பைக்கில் வருவதை விட்டுவிட்டு வேன் கொண்டுவருகிறார். குருவம்மா தன் நாத்தனாரையும் வேலைக்குக் கூட்டிவந்திருக்கிறாள். டீக்கடையில் என்னை ‘எழுத்தாளரே’ என்று கூப்பிட்டார்கள். கிண்டல் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

ஜூன் 19, வியாழன்

என் எழுத்துக்கு வந்த முதல் விமர்சனங்கள். ஆறு பேர் ஐந்து நட்சத்திரம். ஓசூரிலிருந்து ஒரு அம்மாள் மட்டும் நாலு:

“தலையணை மெத்தென்று இருக்கிறது. மதியம் படுத்தால் உடனே தூக்கம். ஒரு சந்தேகம். எழுந்திரிக்கும்போது தலையணை என் தலைக்கடியில் இல்லை. சுவரில் சாய்ந்து நிமிர்ந்து நிற்கிறது. மூன்று நாளாக இப்படி. வீட்டில் நான் ஒருத்திதான். இது இப்படித்தான் இருக்குமா?”

ஜூன் 21, சனி

ஓசூர் அம்மாளுக்குப் பதில் போட்டேன். குறையையே பயனாக மாற்றுவதில்தான் எழுத்தாளனின் திறமை இருக்கிறது.

“அம்மணி, அதுதான் எங்கள் தலையணையின் தனிச்சிறப்பு. நல்ல இலவம்பஞ்சுக்கு உயிர்த்துடிப்பு உண்டு. உபயோகம் முடிந்ததும் தானே நிமிர்ந்து காற்று வாங்கிக்கொள்ளும். அதனால் ஈரம் தங்காது. அதனால் பூஞ்சை பிடிக்காது. அதனால் உங்களுக்கு மூச்சுத் தொல்லை வராது.”

மூன்று ‘அதனால்’. பாப்பா பார்த்தால் பெருமைப்படுவாள்.

ஜூன் 26, வியாழன்

இன்னும் ஐந்து பேர் அதையே எழுதியிருக்கிறார்கள். நாகர்கோவில், திருச்சி, இரண்டு பேர் சென்னை, ஒருத்தர் துபாய். மூன்று பேர் படமும் போட்டிருக்கிறார்கள். வேறு வேறு வீடு, வேறு வேறு நிறச் சுவர். ஆனால் எல்லாப் படத்திலும் தலையணை ஜன்னலைப் பார்த்தபடி நிற்கிறது. ஜன்னல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். நடுவில் ஒரு அமுக்கு, முதுகு சாய்த்தது போல.

துபாய்க்காரர் கணக்குப் போடும் ஆள் போலிருக்கிறது. “தினமும் ஒரே நேரத்தில் முழிப்பு வருகிறது. இங்கே மூன்று மணி. நம் ஊர்க் கணக்குக்கு நாலரை” என்று எழுதியிருக்கிறார்.

திரும்பப் போய்ப் பார்த்தேன். ஓசூர் அம்மாளும் முந்தாநாள் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: “நாலரைக்குச் சரியாக எழுப்பிவிடுகிறது, டீ போட வசதி.”

எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. நாலரை என்பது பொதுவாக எல்லோரும் முழிக்கும் நேரம்.

ஜூன் 29, ஞாயிறு

முன்ரூமைப் பெருக்கப் போனேன். அக்காவின் தலையணை சுவரில் சாய்ந்து நின்றது.

பூனை.

படுக்கவைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். சாயங்காலம் திறந்தேன். நின்றது. பூனை உள்ளே இல்லை.

குருவம்மாவைக் கூப்பிட்டு, “யாரு தலையணைய நிமித்தி வச்சது?” என்று அதட்டினேன்.

“நான் ஏன் நிமித்துறேன்? அந்த ரூமுக்குள்ள நான் போயி மூணு வருசமாச்சு.” வாசல் நிலையைத் தாண்டாமல் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. “அண்ணே, சீட்டு தைக்கிறதுக்கு முன்னாடி எத்தனையோ அனுப்புனோம். ஒருத்தராச்சும் இப்புடிச் சொன்னாங்களா?”

“சீட்டுல என்ன இருக்கு? எழுத்துத்தான?”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

ஜூலை 2, புதன்

இன்று மழை. எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 3, வியாழன்

நேற்று எழுத இருந்தது. கை ஓடவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

காரைக்குடியிலிருந்து ஒரு மருமகள் எழுதியிருந்தாள். ஒரு நட்சத்திரம்.

“என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. உங்கள் தலையணை வாங்கிக் கொடுத்தோம். நேற்று மதியம் நான் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து தலையணையைச் சுவரில் சாய்த்து வைத்து, தெளிவாகப் பேசினார். ‘பஸ் வந்துருச்சா?’ என்றார். எந்த பஸ் அத்தை என்று கேட்டேன். பதில் இல்லை. பேச்சு வந்ததே என்று சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் அது அவர் குரல் இல்லை. எங்கள் பக்கத்துப் பேச்சும் இல்லை. தயவுசெய்து தலையணையைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.”

பதில் எழுத உட்கார்ந்தேன். ‘பேச்சு வரவழைக்கும் தலையணை’ என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் ஓடவில்லை.

அதற்குக் கீழே நாகர்கோவில்காரர் எழுதியிருந்தார்: “உங்களுக்குமா? எங்கள் வீட்டில் கனவில்தான் கேட்டது. அதே கேள்வி.”

அதற்குக் கீழே இன்னும் நாலு பேர்.

எலிப்பொறியில் எதுவும் விழவில்லை. தேங்காய்ச்சில்லு மாற்றி வைத்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

பாப்பா மதியம் போன் பண்ணினாள். இதை நடந்தபடி எழுதுகிறேன். எப்போதும் நடந்தபடிதான் எழுதுவேன், இருந்தாலும் இது அப்படியே.

“மாமா, விமர்சனமெல்லாம் பாத்தீங்களா?”

“போட்டிக் கம்பெனிக்காரன் வேலை பாப்பா. பொறாமை.”

“எங்க வீட்டுலயும் நிக்குது.”

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

“மூணு நாளா. ஹால் ஜன்னலப் பாத்து. படுக்கவச்சா மறுபடி நிக்குது. மாமா, ஒன்னே ஒன்னு கேக்குறேன். அன்னைக்கு அம்மா தூங்குனாங்கதானே?”

“எழுதியிருக்கேன்ல பாப்பா.”

“எழுதுனதக் கேக்கல.”

“இருபது நாளா ஒங்கம்மா தூங்கல. அது சத்தியம்.”

“அதனால?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. பாடம் எடுத்த அன்று கேட்ட அதே குரல்தான்.

“அதனால அன்னைக்குக் காலைல ரொம்பச் சடவா, அசதியா இருந்துச்சு.”

“அதனால?”

“ஒன்னையப் பாக்கணும்னுச்சு. ‘பாப்பாவ வரச் சொல்லுடா மொக்கராசு’ன்னுச்சு.”

“அம்மா என் பேரக்கூடக் கேக்கலன்னு சொன்னீங்களே மாமா” என்றாள். “சரி. அதனால?”

“ஒனக்குப் போன் போடத்தான் வெளிய போனேன். உள்ள டவர் கெடைக்காது. டீக்கடைல நம்ம பயலுக, அக்காவுக்கு எப்புடியிருக்குன்னு கேட்டாங்ய. பேச்சு வளந்துருச்சு. டாக்டர் ஒரு வாரம் தாங்கும்னுதான் சொல்லியிருந்தாரு பாப்பா, அது நெசம். சாயங்காலம் போடலாம்னு…”

“அதனால?”

“திரும்பி வந்தேன். ‘சொல்லிட்டியாடா’ன்னுச்சு. அது மொகத்தப் பாத்துட்டு இல்லன்னு சொல்ல வாய் வரல. ‘பாப்பா பதினோரு மணி பஸ்ஸுல ஏறிட்டாக்கா, நாலரைக்கு மில் ஸ்டாப்புல எறங்கிரும்’னு சொல்லிட்டேன்.”

நாலரை என்று சொன்னதும் அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்தது. டம்ளராக இருக்கும்.

“அதனால, மாமா?”

“அதனால எந்திரிச்சு உக்காந்துருச்சு. இருபது நாளா ஒருக்களிச்சுப் படுத்துக் கெடந்தது, தானா உக்காந்துச்சு. நான் தலையணையச் சரிபண்ணிப் படுக்கா படுன்னேன். ‘படுத்தா அசந்துருவேன், பாப்பா வர்றது தெரியாது’ன்னு சொல்லித் தலையணைய எடுத்துச் செவுத்துல நிமித்திச் சாச்சு, அதுல முதுகக் குடுத்து, ஜன்னலப் பாத்து உக்காந்துக்கிருச்சு. தல சீவிவிடச் சொல்லுச்சு. குருவம்மாதான் சீவிவிட்டா.”

“நாலரைக்கு?”

“பஸ் நின்னுச்சு. யாரோ எறங்குனாங்க. ‘பஸ் வந்துருச்சா?’ன்னுச்சு. வந்த பஸ்ஸு வேறக்கா, ஒன் மக வந்த பஸ்ஸு வத்தலக்குண்டுல டயர் பஞ்சராம், இப்பத்தான் போன் பண்ணுச்சுன்னேன். அஞ்சேகால் பஸ்ஸும் போச்சு. அப்பவும் கேட்டுச்சு. பஞ்சர் ஒட்டியாச்சு, தேனி வந்துருச்சுன்னேன். கடையில நின்னு ஒனக்குப் பூ வாங்குதாம்னேன். என்னென்னமோ சொன்னேன் பாப்பா. சொல்லச் சொல்ல அது மொகம் தெளிஞ்சுச்சு. அதான் சொல்லிக்கிட்டே இருந்தேன். ஆறு மணிக்கு லைட்டப் போட்டுட்டுத் திரும்பிப் பாத்தேன்.”

“படுத்திருந்தாங்களா?”

“இல்ல. உக்காந்த மேனிக்கே. கண்ணு ஜன்னல்ல.”

அதன் பிறகு அவள் ‘அதனால’ கேட்கவில்லை. கேட்க எதுவும் மிச்சம் இல்லை.

“எனக்கு ஆறரைக்குத்தான் போன் வந்துச்சு” என்று மட்டும் சொன்னாள். யாருக்கோ சொல்வது போல. “லீவு போட்டுட்டு அன்னைக்கு வீட்டுலதான் இருந்தேன். பதினோரு மணிக்குச் சும்மாதான் உக்காந்திருந்தேன்.”

வைத்துவிட்டாள்.

ஜூலை 7, திங்கள்

பாப்பா போன் எடுக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

எடுக்கவில்லை. மூட்டைகளை எண்ணி அடுக்கினேன். ஏற்கெனவே அடுக்கியிருந்ததுதான்.

ஜூலை 9, புதன்

கடையின் பக்கத்தைப் பாப்பா நிறுத்திவைத்திருக்கிறாள். ‘தற்காலிகமாக விற்பனை இல்லை’ என்று வருகிறது. என் எழுத்தும் அங்கே இல்லை. அந்த இடத்தில் வெள்ளையாக இருக்கிறது.

குருவம்மா மிச்சமிருந்த தலையணைகளின் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தையல் பிரித்து எடுத்தாள். நான் தடுக்கவில்லை.

“சொல்லிட்டீகளா அண்ணே?”

“சொல்லிட்டேன்.”

“மூணு வருசமா என் தொண்டையிலயும் பஞ்சு அடச்ச மாதிரி இருந்துச்சு” என்றாள். “நானாச்சும் அன்னைக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். நீங்க சொன்னத நானும் நம்பித்தான் தல சீவிவிட்டேன். பூவு வருதுன்னு சொன்னீகளேன்னு போட்ட கொண்டையப் பிரிச்சு ஜடை பின்னிவிட்டேன்.”

இது எனக்குத் தெரியாது. ஜடையை நான் கவனித்திருக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

பாப்பாவிடமிருந்து செய்தி. இரண்டு வரி.

“ஞாயித்துக்கெழம வர்றேன். கார்ல இல்ல. பதினோரு மணி பஸ்ஸுல.”

அக்கா போன செய்தி கேட்டு அன்று ஒரு வாடகைக் காரில் வந்தாள். அதற்குப் பிறகு திவசத்துக்கு வந்ததும் காரில்தான். அந்த பஸ்ஸில் அவள் ஏறியதே இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

என்ன சொன்னேன்? எல்லாம் நல்லபடியாக முடியும் என்று சொன்னேனா இல்லையா?

இன்று நடந்ததை விவரமாக எழுத வேண்டும். காலையிலேயே வீட்டைக் கழுவிவிட்டேன். குருவம்மா கொஞ்சம் மல்லிகை கட்டிவைத்தாள். மூன்று மணிக்கே ஸ்டாப்பில் போய் நின்றுவிட்டேன். டீக்கடையில் கூப்பிட்டார்கள். போகவில்லை. அந்தக் கடையில் நான் குடிக்காமல் விட்ட முதல் டீ இதுதான்.

நாலேகாலுக்கு எனக்கு ஏனோ இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் ஒரு நடை போய்விட்டு வந்தேன். தண்ணீர் குடிக்க.

பஸ் நாலரைக்கு இரண்டு நிமிஷம் முன்னதாகவே வந்தது. வளைவில் ஹாரன் அடித்தது. பாப்பா முன்வாசலில் இறங்கினாள். கையில் ஒரு பை, பைக்குள் அவள் வீட்டுத் தலையணை. என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். “வத்தலக்குண்டுல நிறுத்துனாங்க மாமா” என்றாள். “எறங்கிப் பூ வாங்குனேன்.” காட்டினாள். வாடியிருந்தது.

பையை நான் வாங்கிக்கொண்டேன்.

அவள் நேராக முன்ரூமுக்குப் போனாள். கதவைத் தள்ளினாள். நானும் குருவம்மாவும் நிலையிலேயே நின்றுவிட்டோம்.

அக்காவின் தலையணை கட்டிலில் படுத்திருந்தது. நிமிரவில்லை, சாயவில்லை. சமமாகப் படுத்திருந்தது. நடுவில் ஒரு குழி, தலை வைத்துத் தூங்குகிறவர்களுக்கு விழுமே, அந்த மாதிரி. ஜன்னலில் பஸ் கிளப்பிய புழுதி இன்னும் அடங்கவில்லை.

பாப்பா வாயில் கை வைத்துக்கொண்டாள். “படுத்துட்டாங்க” என்றாள். “மாமா, அம்மா படுத்துட்டாங்க.”

பூவைத் தலையணைப் பக்கத்தில் வைத்தாள். பிறகு அந்தக் குழியிலேயே தன் தலையை வைத்துக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தாள். “மூணு நிமிசம்” என்றாள். மூன்று நிமிஷம் இல்லை, ராத்திரி சாப்பாட்டுக்கு எழுப்பியும் எழுந்திரிக்கவில்லை. சின்ன வயதில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள். இப்போதும் அப்படித்தான்.

குருவம்மா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

ஜூலை 14, திங்கள்

பாப்பா இன்னும் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். காரைக்குடி மருமகள் எழுதியிருக்கிறாள்: நேற்று சாயங்காலத்திலிருந்து தலையணை நிமிரவில்லையாம், மாமியார் பழையபடி பேச்சில்லாமல் தூங்குகிறாராம், திருப்பி எடுக்க வேண்டாமாம். ஓசூர் அம்மாள் மட்டும் நேற்று டீ போடும் நேரம் தவறிவிட்டது என்று குறைப்பட்டிருக்கிறாள். இவை இரண்டும் அப்படியே வந்தவை. நான் எதையும் சேர்க்கவில்லை.

நேற்று எழுதியதில் ஒரு விஷயம் மட்டும் நான் சேர்த்தது.

தலையணை தானாகப் படுத்திருக்கவில்லை. நாலேகாலுக்கு நான் உள்ளே போனது தண்ணீர் குடிக்க இல்லை. அது சுவரில் நின்றுகொண்டிருந்தது. காலையிலேயே சீட்டைப் பிய்த்து எறிந்திருந்தேன். அப்படியும் நின்றது. பாப்பா வந்து பார்த்தால் தாங்கமாட்டாள் என்று படுக்கவைக்கப் போனேன். படியவில்லை. ஒரு பஞ்சுத் தலையணைதான். அழுத்தினால் உட்கார்ந்திருக்கும் ஆளின் தோளைப் பிடித்து அழுத்துவது போல எதிர்த்தது. லேசான சூடு இருந்தது. நான் கையை எடுக்கவில்லை. வளைவில் ஹாரன் கேட்கும் வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்டதும் சொன்னேன், “பாப்பா வந்துட்டாக்கா. படு.”

அப்போதுதான் இளகியது. மெதுவாகக் கட்டிலில் சாய்த்தேன். நடுவில் இருந்த குழி என் முழங்கையால் நான் அமுக்கியது. பிறகுதான் ஸ்டாப்புக்கு ஓடினேன். பாப்பா இறங்கும்போது நான் அங்கே நின்றுகொண்டிருக்கவில்லை, மூச்சுவாங்க ஓடி வந்துகொண்டிருந்தேன்.

அக்காவிடம் அதே வார்த்தையைத்தான் மறுபடியும் சொன்னேன். இந்தத் தடவை பஸ் வந்திருந்தது.